வேட்டை என்னும் ஒற்றைச் சொல்

ஸ்ரீரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் சேஷராயர் மண்டபத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு வேட்டை என்றால் என்ன என்பதில் குழப்பம் இராது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை, அதன்மேல் வீரன், அவன் கையில் ஈட்டி, கீழே சீறியெழும் புலி. வேடன் யார், விலங்கு எது, வெற்றி யாருடையது என்பதெல்லாம் அந்தக் கற்களில் வெளிப்படை. அதே கோயிலில் பொங்கலுக்கு மறுநாள் நடைபெறும் கனு பாரிவேட்டைக்கு நம்பெருமாள் எழுந்தருளுகிறார். அது வேட்டை என்றே பெயர் பெற்றிருந்தாலும், அதில் எந்த உயிரும் சாவதில்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள், இவை இரண்டைவிடவும் விரிந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(16)இல் வேட்டை என்பதை வரையறுக்கிறது. கொல்வதும் நஞ்சிடுவதும் வேட்டை. பிடிப்பது, துரத்துவது, கண்ணி அல்லது பொறி வைப்பது, கலைத்து ஓட்டுவது, இரை வைத்து ஈர்ப்பது ஆகியனவும் வேட்டை. காயப்படுத்துவதும் உடலின் எந்தப் பகுதியையேனும் எடுப்பதும் வேட்டை. பறவைகள், ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான். கொல்வது, பிடிப்பது ஆகியவற்றுக்கான முயற்சியும் செயலுக்குச் சமம். 'காட்டு விலங்கு' மட்டுமன்றி, 'சிறைப்பட்ட விலங்கு' என்பதும் இந்த வரையறைக்குள் அடக்கம்.

இந்தக் கடைசிச் சொற்றொடரின் பொருளை ஸ்ரீரங்கத்திலேயே பார்க்கலாம். கோயில் யானைகளான ஆண்டாளும் லட்சுமியும் சட்டத்தின் பார்வையில் சிறைப்பட்ட விலங்குகள். யானை வாலிலிருந்து முடியைப் பிடுங்கி மோதிரம் செய்தால் நல்லது என்று நம்புபவர்கள் நம்மிடையே குறைவில்லை. கோயில் யானையோ, திருச்சியை அடுத்த எம்.ஆர்.பாளையம் யானைகள் மறுவாழ்வு மையத்தில் உள்ள யானையோ, எதுவாயினும் அதன் வாலிலிருந்து முடி எடுப்பவர் சட்டத்தின் எழுத்துப்படி வேட்டையாடியவர் ஆகிறார். அந்த முடி, சட்டம் சொல்லும் வேட்டைச் சின்னங்களில் ஒன்று. மோதிரத்தை விரலில் அணிந்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

வரையறை இவ்வளவு விரிவாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. கொன்றதை மட்டும் குற்றமாக்கினால், கண்ணி வைத்தவரும் நஞ்சு கலந்தவரும் எளிதில் தப்பிவிடுவர். ஆனால் ஒரே சொல்லுக்குள் கொலையும் மீட்பும் சேர்ந்துவிடும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. 2021 அக்டோபரில் நீலகிரியின் மசினகுடி பகுதியில் டி23 என்ற புலியைத் தேடிய நாள்களில் அது வெளிப்பட்டது. மனிதர்களைக் கொன்றதாகக் கருதப்பட்ட அந்தப் புலியை 'வேட்டையாட' தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிட்டார். அந்தச் சொல் மக்களிடம் 'சுட்டுக் கொல்ல' என்றே போய்ச் சேர்ந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. உடனே கொன்றுவிட வேண்டாம், முதலில் பிடிக்க முயல வேண்டும் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியது. அக்டோபர் 15ஆம் தேதி புலி உயிருடன் பிடிபட்டு மைசூருவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 2023இல் அரிக்கொம்பன் யானையை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டபோதும், சட்டப்படி நடந்தது ஒரு வேட்டையே. விலங்கைக் காப்பாற்றும் அதிகாரியும் அதைக் கொல்லும் கயவனும் ஒரே வினைச்சொல்லின் கீழ் வருகிறார்கள். உத்தரவுத் தாள் ஒன்றே இருவரையும் பிரிக்கிறது.

இந்தச் சொல்லின் பின்னணி பழையது. மதராஸ் மாகாணம் 1873இலேயே காட்டு யானைகளைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1877இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் ஒன்று தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்கின் மேல் கொண்ட இரக்கத்தால் பிறந்தவை என்று இவற்றைச் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆண்டும் சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே என்ற கவலையும் அவற்றில் கலந்திருந்தது. அதே காலத்தில் புலியையும் சிறுத்தையையும் கொன்றவர்களுக்கு அரசே வெகுமதி வழங்கியது. மான் காக்கப்பட வேண்டியது, புலி ஒழிக்கப்பட வேண்டியது என்பது அன்றைய கணக்கு. புலி வேட்டைக்கு நாடு முழுவதும் தடை வந்தது 1970இல்தான்.

1972ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மரபை ஒரே நாளில் உதறிவிடவில்லை. முதல் அட்டவணையில் இருந்த விலங்குகளை வேட்டையாடக் கூடாது. இரண்டாவது அட்டவணை சிறப்பு வேட்டை விலங்குகளுக்கானது, மூன்றாவது பெருவேட்டை விலங்குகளுக்கானது, நான்காவது சிறுவேட்டை விலங்குகளுக்கானது. இம்மூன்றுக்கும் தனித்தனி உரிமம் வழங்கப்பட்டது. ஐந்தாவது அட்டவணையில் காகம், எலி, பழந்தின்னி வௌவால் போன்றவை 'தொல்லை உயிர்கள்' எனப்பட்டன. அவற்றைக் கொல்ல உரிமம் தேவையில்லை. பெருவேட்டை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது யானையும் சிங்கமும். மூன்றாம் அட்டவணையிலோ புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி ஆகியன இருந்தன. இன்று திருச்சி ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்தில் உழவர்கள் முறையிடும் அதே காட்டுப்பன்றி, அரை நூற்றாண்டுக்கு முன் சட்டத்தின் ஏட்டில் 'பெருவேட்டை விலங்கு'.

அந்தச் சட்டத்தின் பழைய 17ஆம் பிரிவு இன்று ஏட்டில் இல்லை. ஆனாலும் படித்துப் பார்க்கத்தக்கது. மோட்டார் வாகனத்திலிருந்து வேட்டையாடக் கூடாது, இரவில் கூடாது, செயற்கை வெளிச்சம் கூடாது, நீர்நிலைக்குச் செல்லும் வழியில் காத்திருந்து சுடக் கூடாது. இவையெல்லாம் நியாயமானவை. தொடர்ந்து, வலை கூடாது, குழி கூடாது, கண்ணி கூடாது, சில பறவைகளுக்குத் தவிர நாயும் கூடாது என்றது. பெருவேட்டை விலங்கைச் சுட ரைபிள் துப்பாக்கியே பயன்படுத்த வேண்டும், வேறு துப்பாக்கிக்கு உரிமத்தில் தனி அனுமதி வேண்டும் என்றும் விதித்தது. வலையும் கண்ணியும் நாயும் ஏழையின் கருவிகள். ரைபிள் யாருடைய கருவி என்று சொல்லத் தேவையில்லை. எந்தக் கருவியால் விலங்கு குறைவாகத் துன்புறும் என்ற அக்கறை அதில் இருந்தது உண்மை. ஆனால் விளைவு, துரைமார்களின் விளையாட்டு விதிகள் இந்தியக் குடியரசின் சட்டமானது. வரையறையில் இன்றும் நிற்கும் 'கலைத்து ஓட்டுதல்' என்பதே அதற்குச் சான்று. ஆள்களை விட்டுப் புதர்களை அடித்து, துப்பாக்கியுடன் காத்திருக்கும் கனவானை நோக்கி விலங்கை ஓட்டும் பழைய முறை அது. மயிலைத் தகரம் தட்டி விரட்டும் மணப்பாறை உழவரையும் எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்தச் சொல் தொட்டுவிடும். எந்த நீதிபதியும் அப்படிப் படிக்க மாட்டார் என்பது வேறு.

1991 அக்டோபர் 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் உரிம முறையை ஒழித்தது. 13 முதல் 17 வரையிலான பிரிவுகள் நீக்கப்பட்டன. பொழுதுபோக்குக்காக விலங்கைக் கொல்வது அன்றோடு இந்தியாவில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கென்யா 1977இலேயே இதைச் செய்துவிட்டது. நமீபியா வேறு வழியில் போனது. வெளிநாட்டு வேட்டைக்காரர் தரும் பணம் உள்ளூர்ச் சமூகங்களுக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தது. போட்ஸ்வானா 2014இல் தடை விதித்து 2019இல் விலக்கிக்கொண்டது. வேட்டைச் சின்னங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஜெர்மனி முனைந்தபோது, 20,000 யானைகளை உங்களுக்கே அனுப்புகிறோம் என்று அந்நாட்டு அதிபர் 2024இல் சொன்னது உலகச் செய்தியானது. ஆப்பிரிக்காவின் அந்த வாதத்தை இங்கே இறக்குமதி செய்ய விரும்புபவர்கள் உண்டு. அங்கே மனிதர் அடர்த்தி குறைந்த பெருநிலப்பரப்பு இருக்கிறது. இங்கே காப்புக்காட்டின் எல்லைக் கல்லை ஒட்டி மரவள்ளியும் சோளமும் நிற்கின்றன. உரிம வேட்டை திரும்ப வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வேட்டை முடிந்ததே தவிர, கொல்லும் அதிகாரம் முடியவில்லை. அது வேட்டைக்காரரிடமிருந்து அதிகாரிக்கு மாறியது. பிரிவு 11 இதற்கான கதவு. முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாகவோ, மீள முடியாத நோயோ ஊனமோ உடையதாகவோ மாறினால், காரணங்களை எழுத்தில் பதிந்து, தலைமை வன உயிரினக் காப்பாளர் வேட்டைக்கு அனுமதி தரலாம். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று உறுதியானால் மட்டுமே கொல்லலாம். மற்ற அட்டவணை விலங்குகளுக்கு இந்தக் கதவு இன்னும் அகலம். உயிருக்கு மட்டுமன்றி உடைமைக்கு ஆபத்து என்றாலும் போதும். நிலத்தில் நிற்கும் பயிரும் உடைமையே. அதிகாரம் பெற்ற வேறு அலுவலரும் உத்தரவிடலாம். தன்னுயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொன்றால் அது குற்றமாகாது. பயிரைக் காக்கக் கொன்றால் குற்றம்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் அட்டவணைகளைச் சுருக்கியது. விலங்குகளுக்கு இப்போது இரண்டு அட்டவணைகளே. மயில் முதலாவதில், காட்டுப்பன்றி இரண்டாவதில். ஒரே வயலை இரவில் பன்றி உழுது போகிறது, விடியலில் மயில் கொத்திப் போகிறது. பன்றியைக் கொன்றால் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். மயிலைக் கொன்றால் குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு. பன்றியைச் சுட அரசு அனுமதி தர முடியும். மயில் பயிரைத் தின்றது என்பதற்காக எந்த அதிகாரியாலும் அனுமதி தர முடியாது. இந்த வேறுபாட்டை உழவர் கூட்டங்களில் யாரேனும் விளக்கியிருந்தால், நஞ்சு தடவிய தானியம் வயலில் தூவப்படுவது சற்றேனும் குறைந்திருக்கும்.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி குறித்து அறிவித்த ஏற்பாட்டை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். உழவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதது சரியான முடிவு. பயிரை அழிக்கும் விலங்கைத் தொல்லை உயிராக அறிவிக்குமாறு மத்திய அரசிடம் மன்றாடும் வழியில் போகாமல், மாநில அதிகாரத்துக்குள்ளேயே வழி கண்டதும் பாராட்டத்தக்கது. அந்தப் பட்டம் கேட்டு கேரளம் பலமுறை கைவிரிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

சிக்கல் அளவுகோலில்தான். காப்புக்காடு என்பது மரங்கள் அடர்ந்த இடமன்று. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இடம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கம் தீவில், மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மேலணைக் காப்புக்காட்டில்தான் அமைந்திருக்கிறது. எல்லையை அப்படியே அளந்தால், அதைச் சுற்றியுள்ள வாழைத் தோட்டங்களும் பச்சைமலை அடிவாரத்து வயல்களும் ஒரே மண்டலத்தில் வந்துவிடும். பச்சைமலையில் பன்றிக்குத் திரும்பிப் போகக் காடு உண்டு. மேலூரில் இருப்பது பள்ளிக் குழந்தைகள் சுற்றுலா வரும் பூங்கா. துறையூர்ப் பக்கத்து உழவர் கேட்கும் கேள்வியும் இதே வகையானது. மலையடிவாரத்தில் பன்றித் தொல்லை மிகுதியாக இருக்கும் முதல் ஒரு கிலோமீட்டரில்தான் அவருக்கு விடை ஏதும் இல்லை. தொலைவை மட்டும் வைத்துக் கோடு கிழிப்பதைவிட, காடு உண்மையில் எப்படி இருக்கிறது, சேதம் எங்கே நடக்கிறது என்ற பதிவை வைத்து மண்டலம் பிரிப்பது கடினம்; ஆனாலும் அதுவே பொருத்தம்.

விடை கிடைக்காத இடத்தில் மின்வேலி முளைக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காகச் சட்டவிரோதமாகப் போடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. இரண்டாம் அட்டவணை விலங்குக்கு வைத்த பொறி முதல் அட்டவணை விலங்கைக் கொன்றது. அந்த வேலியில் மனிதரும் சாகிறார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தின் இன்னொரு ஓரத்தில் முரண் ஒன்று இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இன்றும் இடமளிக்கிறது. அந்தத் துப்பாக்கியால் எந்த விலங்கைச் சுடலாம் என்று கேட்டால், வன உயிரினச் சட்டம் அட்டவணையைக் காட்டும். ஒரு சட்டம் துப்பாக்கியைக் கொடுக்கிறது, மற்றொன்று குறியைப் பறித்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி 'மனித உயிருக்கு ஆபத்தான' என்ற சொற்றொடரில் உள்ளது. இதைச் சட்டம் வரையறுக்கவில்லை. பிரிட்டிஷ் காலத்தில் ஆட்கொல்லி விலங்கை அதிகாரிகள் முறைப்படி அறிவித்த பின்னரே வேட்டைக்காரர் இறங்குவார். இன்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் தானியங்கிக் கேமரா படங்களின் மூலம் விலங்கை அடையாளம் காணச் சொல்கின்றன. ஆனால் நெறி வேறு, சட்டம் வேறு. 2018 நவம்பர் 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியில் அவ்னி என்ற பெண் புலியைத் தனியார் வேட்டைக்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நடைமுறைகள் மீறப்பட்டதாக ஆணையத்தின் விசாரணைக் குழு பின்னர் கூறியது. புலி அதற்குள் இறந்துவிட்டது. எத்தனை சாவுகள், எத்தகைய சான்று, எவ்வளவு கால இடைவெளி என்பவற்றைச் சட்டத்திலோ விதிகளிலோ எழுதிவைத்தால், அடுத்த உத்தரவு வரும்போது ஊர் மக்களின் கோபத்துக்கும் விலங்கு ஆர்வலர்களின் வழக்குக்கும் நடுவே வனத்துறை தவிக்க வேண்டியிருக்காது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்று பிரிவு 11 ஏற்கெனவே சொல்கிறது. அந்தக் காரணங்களைத் தமிழில், உரிய ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இனி, சட்டம் பிடிக்கும் வேடன் யார் என்று பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் திருச்சி மாவட்டம் ஜீயபுரம் பகுதியில், இறைச்சிக்குள் நாட்டு வெடியைப் பொதிந்து நரியைக் கொன்றதாகப் பன்னிருவர் கைது செய்யப்பட்டனர். வாயில் வெடித்துச் சாகும் விலங்கின் வேதனையை நினைத்தால் அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது. ஆனால் வன உயிரின வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களில் பலர் எத்தகையோர் என்பதையும் எண்ண வேண்டும். பழைய பங்களாக்களின் சுவர்களில் தொங்கும் மான் தலைகளும் புலித் தோல்களும் 1972இல் அறிவிப்புச் செய்து சான்றிதழ் பெற்றன. 2003இல் மேலும் 180 நாள் அவகாசம் கிடைத்தது. அறிவிக்கத் தெரிந்தவரின் சின்னம் சட்டபூர்வமானது. அறிவிக்கத் தெரியாதவரின் வீட்டில் ஒரு நகமோ கொம்போ கிடைத்தால், பிரிவு 57இன்படி அது சட்டவிரோதம் என்றே கருதப்படும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது.

திருச்சி, தஞ்சைச் சாலையில் துவாக்குடியை அடுத்த தேவராயநேரியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியும் அந்தச் சமூகத்தின் வாழ்வாதாரமாக இருந்தன. 1972இலும் 1991இலும் சட்டம் அதை எடுத்துக்கொண்டபோது மாற்றாக எதையும் கொடுக்கவில்லை. ஊசிமணி பாசிமணி விற்பது அவர்களாகத் தேடிக்கொண்டது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023இல்தான். அதனால் வேட்டை உரிமை திரும்பிவிடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வேட்டையாடும் மரபுரிமையைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. பச்சைமலையின் மலையாளி மக்களுக்கும் இதுவே பொருந்தும். நிக்கோபார்ப் பழங்குடியினர் மட்டுமே வன உயிரினச் சட்டத்தில் விதிவிலக்குப் பெற்றவர்கள். வேட்டை உரிமையை இவர்களுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று இங்கே வாதிடவில்லை. காட்டு விலங்கின் தடம், பழக்கம், வழி ஆகியவற்றைத் தலைமுறையாக அறிந்தவர்களை, பன்றியைப் பிடித்துக் காட்டில் விட வேண்டிய அந்த இரண்டு கிலோமீட்டர்ப் பட்டையில் வனத்துறை ஊதியத்துக்கு அமர்த்த என்ன தடை? பிரிவு 11 எழுத்துமூல அனுமதியுடன் 'எவரையும்' அமர்த்த இடம் தருகிறது. பன்றியை ஒரு வயலிலிருந்து பிடித்து, அது திரும்பிவராத தொலைவில் விடுவது எளிய வேலையன்று என்பது அதைச் செய்து பார்த்த எந்த வனக் காவலருக்கும் தெரியும்.